அப்பா கேட்ட வார்த்தை

“நான் சொல்றதை முழுசா…”

“முழுசா என்னடா இருக்கு அதுல? அப்பா கேட்டாரு, நீ சொல்லல.”

“சொல்லலதான். ஆனா எதுக்குச் சொல்லலன்னு…”

“எதுக்கா இருந்தா என்ன? போனவருக்கு இப்ப அது போய்ச் சேரப்போகுதா?”

“அக்கா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுக் கேளேன்.”

“என் அடுப்படியில நின்னுக்கிட்டு என் வாயை மூடச் சொல்றான் பாரு.”

ராக்னா கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். மீன் ஈரல் கொதித்து மேலே எண்ணெய் கட்டியிருந்தது. தம்பி ஆர்வித் பூட்ஸைக் கழற்றாமல் வாசல் மிதியடி மேலேயே நின்றான். நேரமில்லை என்று அந்தப் பூட்ஸே சொன்னது. குடாவின் வாயில் அவனுடைய வலைகள் கிடந்தன. சாயங்காலத்துக்குள் வடமேற்கிலிருந்து புயல் என்று காலையிலேயே வானொலியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் போய் வலையை இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்பது அவன் நினைப்பு.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. பொதுவாக மீன் இறக்குமிடத்துக் கூரையில் கடற்காகங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும். இன்றைக்கு ஒன்றைக்கூடக் காணோம். கடல்வாத்துகள் மட்டும் கூட்டமாகப் படகுத்துறைப் பாலத்தடிக்கு வந்து ஒண்டிக்கொண்டிருந்தன. திரையில்லாத ஜன்னல் வழியாக எதிர்க்கரை மலை தெரிந்தது. என்றுமில்லாத வகையில் கிட்டத்தில், கறுப்பாக, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல.

“வலைக்கா இவ்வளவு அவசரம்? கடல் மூஞ்சியைப் பாத்தியா?” என்றாள்.

“பாத்தேன். அதனாலதான் உன்கிட்ட வந்தேன்.”

“என்கிட்ட எதுக்கு? உன் வீட்டு டிவிகிட்டப் போய்க் கேளு. ஓயாம பேசுற பெட்டியாச்சே.”

“டிவியை வித்தாச்சு.”

“யாருக்கு?”

“உபதேசியாரோட மச்சானுக்கு.”

டிவி பாவம் என்று பிரசங்கிக்கிறவரின் மச்சானுக்கே! வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். சிரிப்பு தொண்டைவரைக்கும் வந்தது. ஈரல் சட்டியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஆர்வித் கேட்டு வந்தது ஒரு வார்த்தை. அவர்கள் சபையில் பாவமன்னிப்பு என்பது தனியாக முழங்காலிட்டுக் கூரையைப் பார்த்து வாங்கிக்கொள்கிற விஷயம் இல்லை. இன்னொரு விசுவாசி கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதில் விழும்படி, வாய்விட்டுச் சொல்லவேண்டும்: இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும் உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன, நம்பு. சொல்வது மீன்காரியாக இருக்கலாம், பள்ளிக்கூடம் பெருக்குகிறவளாக இருக்கலாம். வாய்தான் அவளுடையது, பேசுவது ஆண்டவர். குளிர்காலத்து மீன்பிடிக்குப் படகுகள் கிளம்பும் காலையில் ஆண்கள் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். சண்டையை மனசில் வைத்துக்கொண்டு யாரும் கடலுக்குப் போவதில்லை.

பல வருஷம் சபையை விட்டு விலகியிருந்த ஆர்வித் மறுபடி திரும்பிய அன்றே அவனுக்கு ஜெபவீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ராக்னா மட்டும் பின்பக்கம் காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அவங்க சொல்லிட்டாங்கல்ல. அது போதாதா உனக்கு?”

“போதணும். ஆனா ஒட்டமாட்டேங்குது அக்கா. யாருக்குத் தப்பு பண்ணினியோ அவகிட்டப் போடான்னு உள்ள ஒண்ணு சொல்லிக்கிட்டே இருக்கு.”

“எனக்கு என்ன தப்பு பண்ணின? அப்பாவுக்குத்தான் பண்ணின.”

“அப்பாகிட்ட எங்க போய்க் கேக்கிறது?”

“அதான். எங்க போய்க் கேக்கிறது? அதை நீ சொல்லு மொதல்ல. அவரு இப்ப எங்க இருக்காரு? நிம்மதியாப் போனாரா, பயந்துக்கிட்டே போனாரா? அதைச் சொல்லு, நீ கேட்டதை நான் சொல்றேன்.”

ஆர்வித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவனுக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

“அது எனக்குத் தெரியாது,” என்றான். “என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்றேன். இதை நான் யாருக்கும் முழுசாச் சொன்னதில்ல. நீ ஜெபவீட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்த. அவரு தூங்குறாருன்னு நெனச்சு நான் ஜன்னலாண்ட உக்காந்திருந்தேன். திடீர்னு கண்ணைத் தொறந்தாரு. ‘ஆர்வித், நான் எத்தன பேருக்குச் சொல்லியிருக்கேன். எனக்கும் அது உண்டாடா?’ன்னு கேட்டாரு.”

ராக்னா அடுப்பை அணைத்தாள்.

அவர்கள் அப்பா உலூஃப் பாதி வாழ்க்கை உபதேசியாராக இருந்தவர். குடாவின் இரண்டு கரையிலும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு மன்னிப்புச் சொல்லாத வீடு இல்லை. மூழ்கிச் செத்தவனின் மனைவிக்கு, குடித்துவிட்டு அடித்தவனுக்கு, அடிபட்டவளுக்கு, எல்லாருக்கும் சொன்னவர். அந்த மனுஷன் சாகும்போது தனக்கு உண்டா என்று கேட்டிருக்கிறார்.

“நீ என்ன சொன்ன?”

“‘அக்கா வரட்டும்ப்பா’ன்னேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். உனக்கு ஃபோன் பண்ணக் கூடத்துக்கு ஓடினேன். திரும்பி வந்து பாத்தா சுவத்துப் பக்கம் திரும்பிக் கிடந்தாரு. மூச்சு நின்னிருந்துச்சு.”

“உண்டுப்பான்னு ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு உன் வாய்ல வரலையா?”

“எந்த வாய்ல அக்கா? சபையை விட்டு வெளியே நின்னவன் நான். எனக்கே அதுல நம்பிக்கை இல்ல. இல்லாத ஒண்ணைச் சாகப்போறவர் கையில திணிச்சு அனுப்பச் சொல்றியா? கள்ளநோட்டு மாதிரி இருந்திருக்கும். அங்க போய் அவரு அதை நீட்டி, அது செல்லாதுன்னு சொல்லிட்டா?”

“வார்த்தை உன்னோடதாடா? ஆண்டவரோடது. வேதத்துல கழுதை வாயாலகூடப் பேசினவரு அவரு.”

“அது எனக்கு இப்பத் தெரியுது. அன்னிக்குத் தெரியல.” அவன் நிமிர்ந்து பார்த்தான். “இப்ப நான் உன்கிட்டக் கேக்கிறதும் அதேதான். அவரோட வார்த்தையைத்தான் கேக்கிறேன். நீ அதை எதுக்குப் பிடிச்சு வச்சிருக்க?”

அன்றைக்கு நீ எங்கே போனாய், அப்பாவை விட்டுவிட்டு வெளியூர் உபதேசிமாருக்குக் காப்பி ஊற்றப் போனாயே என்று அவன் கேட்டிருக்கலாம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இவனை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

“என் மனசு சரியில்ல ஆர்வித். மனசுல இல்லாததை வாயால சொன்னா அது பொய்.”

“அன்னிக்கு எனக்கும் இப்படித்தான் தோணுச்சு,” என்றான் மெதுவாக.

அவன் குத்திக் காட்டவில்லை. குரலிலேயே அது தெரிந்தது. அதுதான் அவளைச் சுட்டது.

“போ. போய் உன் வலையை இழு. திரும்பி வா, அப்புறம் பாப்போம்.”

“வந்தப்புறமா?”

“காப்பி போட்டு வைக்கிறேன். உக்காந்து பேசலாம். நான் எங்க ஓடிடப்போறேன்?”

ஆர்வித் தொப்பியை மாட்டிக்கொண்டான். கதவுப் பக்கத்துச் சுவரில் அப்பா காலத்துக் காற்றழுத்தமானி தொங்கியது. போகிறபோக்கில் விரல் முட்டியால் அதன் கண்ணாடியைத் தட்டினான், அந்த வீட்டு ஆண்கள் எப்போதும் செய்வதுபோல. முள் சட்டென்று புயல் பக்கம் இறங்கியது. இரண்டு பேருமே பார்த்தார்கள்.

“தேவ சமாதானம், அக்கா.”

சபையார் ஒருவருக்கொருவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அவள் மீனைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்தப்பட்ட பிறகுதான் தலை நிமிர்ந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தாள். மீனை முள் நீக்கி ஈரலோடு பிசைந்தாள், வாய்க்குக் கொண்டுபோனாள், கீழே வைத்தாள். கீழே படகின் எந்திரம் தட்டித் தட்டிக் கிளம்பி, குடாவுக்குள் போய், தேய்ந்து மறைந்தது. அதற்கப்புறம் வந்த அமைதியில் வீடே காதைத் தீட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. புகைபோக்கியில் புகை மேலே போகாமல் ஜன்னலுக்கு முன்னால் கீழே வழிந்தது. வாசலில் யாரோ எதையோ வைத்துவிட்டுப் போவதுபோல் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தாள். யாருமில்லை. காற்றின் முதல் விரல் அது. கதவைத் தொட்டுப் பார்த்திருக்கிறது.

பிறகு எதிர்க்கரை மலை காணாமல் போனது. முதலில் உச்சி, பிறகு இடுப்பு, பிறகு தண்ணீரோரத்துப் பாறை. இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர் நின்று, நின்றபடியே நகர்ந்து வந்தது.

அவள் தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கோட்டை மாட்டினாள்.

மீன் இறக்குமிடத்துக்கு இறங்கும் பாதையில் இரண்டு தடவை காற்று அவளை முழங்காலில் உட்கார வைத்தது. பனி மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் பறந்து முகத்தில் அறைந்தது. கொட்டகைக்குள் கண்காணிப்பாளர் எட்வின் எண்ணெய் விளக்கை ஏற்றி வைத்து, வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் குனிந்திருந்தார். ஜெபவீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனுஷன். வாயில் எப்போதும் பைப்.

“வா ராக்னா. கதவைச் சாத்து, இல்லனா நாம ரெண்டு பேரும் ஸ்வீடனுக்குப் பறந்துடுவோம்.”

“ஆர்வித் வந்துட்டானா?”

எட்வின் பைப்பை எடுத்துக் கீழே வைத்தார்.

“மத்தப் படகெல்லாம் வந்தாச்சு. போகாதவனுங்க பாதி, பாதியிலேயே திரும்பினவனுங்க மீதி. உன் தம்பி கொஞ்சம் முன்னாடி பேசினான். கடைசி வலையை வெட்டி விட்டுட்டேன், திரும்பிட்டு இருக்கேன், மேல்தட்டுல ஐஸ் பிடிக்குது, தட்டித் தட்டி உடைக்கிறேன்னான். நல்லாத்தான் பேசினான். எனக்குக் காப்பி போட்டு வைன்னான்.”

“என் வீட்டுலதானே அவன் காப்பி குடிக்கணும்.”

“எங்க குடிச்சா என்ன.” அவர் பொத்தானை அழுத்தி ஆர்வித்தின் படகைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “தெர்னா, தெர்னா, கரையிலேர்ந்து எட்வின். கேக்குதா ஆர்வித்?”

பெட்டிக்குள் மணல் கொட்டுவதுபோல் இரைச்சல். அதற்கு அடியில் ஒன்றுமில்லை.

“தெர்னா. பதில் சொல்லுடா மடையா.”

இரைச்சல்.

“ஆன்டெனாவுல ஐஸ் பிடிச்சிருக்கும்,” என்றார் எட்வின், அவள் முகத்தைப் பார்க்காமல். “அப்படி ஆனா அவன் பேசறது நமக்கு வராது. நாம பேசறது அவனுக்குப் போனாலும் போகும். போகாமலும் இருக்கலாம். மீட்புப் படகுக்குச் சொல்லிட்டேன். அவங்களாலயும் இந்தக் காத்துல மெதுவாத்தான் வர முடியும்.”

ராக்னா ஈரக் கையுறையைக் கழற்றினாள்.

“அதை எங்கிட்டக் குடு.”

“என்ன பேசப்போற? நாந்தான் பேசிக்கிட்டே இருக்கேனே.”

“குடுங்கிறேன்ல.”

“இதைக் குடாவுல இருக்கிற எல்லாப் படகும் கேக்கும் ராக்னா. உங்க சபை ஆளுங்க, சபைக்கு வெளிய இருக்கிறவங்க, அத்தன பேரும். தெரியுமில்ல?”

“கேக்கட்டும்.”

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். பேசும்போது அழுத்திக்கொள், பேசி முடித்ததும் விட்டுவிடு, அப்போதுதான் பதில் வரும் என்று சொல்லிக் கொடுத்தார். பேசும் கருவி கனமாக, சில்லென்று இருந்தது. ஒருத்தர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொல்லவேண்டியதை இதைப் பிடித்துக்கொண்டு சொல்லவேண்டியிருக்கிறது. மனசு சரியாகிவிட்டதா என்று அவள் தன்னையே ஒரு தரம் தடவிப் பார்த்தாள். ஆகவில்லை. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தது அங்கேயேதான் கிடந்தது. அது அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு அழுத்தினாள்.

“ஆர்வித். அக்கா பேசறேன். நீ கேட்டதைச் சொல்றேன், கேட்டுக்கோ. என் மனசு இன்னும் ஒழுங்காகலை. ஆகுறவரைக்கும் காத்திருந்தா நீ காத்திருக்கமாட்ட. அதனால என் மனசை விடு. இது என்னோடது இல்ல, எனக்கும் இனாமா வந்ததுதான். இயேசுவோட நாமத்துலயும் இரத்தத்துலயும் உன் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டாச்சு. அப்பாவுக்குச் சொல்லாம விட்டதும் சேர்த்து. எல்லாம். நம்புடா.”

விரலை எடுத்தாள். இரைச்சல் அறையை நிறைத்தது. கொட்டகையின் தகரக் கூரை ஒரு மூலையில் எழும்பி எழும்பி விழுந்தது. எட்வின் தொப்பியைக் கழற்றியிருந்தார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

“கேட்டிருக்குமா?”

“தெரியாது ராக்னா.”

அவள் காத்திருந்தாள். எங்கோ ஒரு படகிலிருந்து யாரோ இருமுவதுபோல் ஒரு ஒலி வந்து அறுந்தது. அவன் குரல் இல்லை. அவர்கள் வழக்கத்தில் சொன்னவர் சொல்லி முடித்ததும், கழுத்தை விடாமலே, கேட்டவர் வாயிலிருந்து அதே மன்னிப்பைத் தனக்கும் திருப்பி வாங்கிக்கொள்வார். யாரும் கடன் வைத்துக்கொண்டு எழுந்து போவதில்லை. ராக்னா இரண்டு கையாலும் கருவியை இறுக்கி மறுபடி அழுத்தினாள்.

“ஆர்வித், உன்னை வாசல்லயே நிக்கவச்சு வெறும் கையோட அனுப்பினேன். இப்ப நீ எனக்குச் சொல்லுடா.”