டவரம்மாவும் தொலைந்துபோன ஓர் எழுத்தும்

என் வீட்டுக்காரரிடம் எதைச் சொன்னாலும் முதலில் வரும் பதில் "ஸ்டாண்ட்பை." கேஸ் தீர்ந்துவிட்டது என்றாலும் ஸ்டாண்ட்பை, குழாய் ஒழுகுகிறது என்றாலும் ஸ்டாண்ட்பை. வானத்தில் போகிறவர்கள் "கொஞ்சம் பொறு" என்பதற்கு அப்படித்தான் சொல்வார்களாம். எங்கள் வீட்டுக் குழாய் நாங்கள் குடிவந்த நாளிலிருந்து ஸ்டாண்ட்பையில்தான் இருக்கிறது.

அவருக்கு வேலை ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். ஆபீஸ் ஆபீஸாகப் போய், சிக்கிக்கொண்ட காகிதத்தை உருவிவிட்டு, கையெல்லாம் கரித்தூளோடு வீட்டுக்கு வருவார். வந்ததும் கை கழுவுகிறாரோ இல்லையோ, டிவியில் அந்த வரைபடத்தைப் போட்டுவிடுவார். இந்த நிமிஷம் உலகத்தில் பறக்கிற விமானமெல்லாம் அதில் மஞ்சள் மஞ்சளாக ஊர்ந்துகொண்டிருக்கும். இது போதாதென்று விமான நிலையத்துக் கட்டுப்பாட்டு டவரின் ரேடியோ வேறு. அதை யாரோ ஒரு புண்ணியவான் நாள் முழுக்க இணையத்தில் ஓடவிட்டிருக்கிறார். அதைக் கேட்க ஒரு காதில் எப்போதும் இயர்போன். இன்னொரு காது குடும்பத்துக்கு. கூரைக்கு மேல் சத்தம் கேட்டால் போதும், சோற்றுக் கையை உயர்த்தி, "சரக்கு விமானம். குதிரை ஏத்திட்டுப் போகுது" என்பார். தெருவில் அவருக்குப் பெயர் கேப்டன். கேப்டன் இதுவரை ஒரு விமானத்திலும் ஏறியதில்லை. காது அடைக்குமாம்.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். "நிறுத்து" என்று சொன்னால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்களோடு காலம் தள்ளுகிறவள். நல்லவேளையாக, சொல்லிக்கொடுக்கிற சீட்டுக்குக் கீழே எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. வீட்டில் அந்த வசதி கிடையாது.

அதனால்தானோ என்னவோ, இந்தக் கூத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. அந்த டவரில் பேசுகிற பெண்மணி. நான் அவளுக்கு வைத்த பெயர் டவரம்மா. பாதித் தூக்கத்தில் பேசுவது போல் ஒரு குரல். ஆனால் அவள் "இடது பக்கம் திரும்பு, மூவாயிரம் அடிக்கு இறங்கு" என்றால், அத்தனை பெரிய விமானத்தை ஓட்டுகிற மனிதன் "இடது பக்கம் திரும்பறேன், மூவாயிரம் அடிக்கு இறங்கறேன்" என்று வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்கிறான். தப்பாகச் சொன்னால் அவள் திருத்துகிறாள். அவன் மறுபடியும் சொல்கிறான். "ஏன், எதுக்கு, அப்புறம் பார்க்கலாம்" என்ற பேச்சே இல்லை. ஒரு பெண் சொன்னதை ஓர் ஆண் முழுசாகக் கேட்டான் என்பதற்கு அத்தாட்சி வைத்து நடக்கிற ஒரே இடம் அதுதான்.

அதை வீட்டிலும் கொண்டுவந்தேன்.

"பாலும் பினாயிலும் வாங்கிட்டு வாங்க. திருப்பிச் சொல்லுங்க."

"பாலும் வெங்காயமும்."

"பினாயில்!"

"பாலும் பினாயிலும். ரோஜர்."

இப்படியாகக் குடும்பம் ஒருவாறு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் என் அக்காவிடமிருந்து போனில் செய்தி வந்தது. "வியாழக்கிழமை ஆபீஸ் வேலையா உங்க ஊருக்கு வர்றேன். ஏர்போர்ட் வாசல்ல நீ நின்னா உன் வீடு. நிக்கலைன்னா ஹோட்டல்." கீழே விமானத்தின் எண். எட்டு நாலு ஏழு. வேறு ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு வருஷத்தில் அவளிடமிருந்து வந்த முதல் செய்தி அது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகளுக்குக் கல்யாணம். எனக்கோ காலில் மாவுக்கட்டு. என்னிடம் கற்றுக்கொள்ள வந்த ஒரு பல் டாக்டர், பின்னால் எடுக்கிறேன் என்று முன்னால் எடுத்துவிட்டார், முன்னால் நின்றது நான். அப்படியும் கட்டோடு போவதாகத்தான் இருந்தேன். அந்த நேரத்தில் அக்கா போன் செய்து, "நீ வராம இருந்தா நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டாளாம். பெற்றவளைவிட அதிகமாக அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்தவள் நான். நொண்டிக்கொண்டு வந்து நின்றால் அவளுக்குக் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். போகவில்லை. அவளும் அப்புறம் போன் செய்யவில்லை. நானும் வீம்புக்குச் செய்யவில்லை. ராத்திரியில் அழுதது மட்டும் மிச்சம்.

"கவலைப்படாத," என்றார் கேப்டன். "இனிமே இது என் பொறுப்பு. விமானம் கடலைத் தாண்டிக் கரையைத் தொடும்போது கிளம்பினா, கரெக்டா அக்கா வெளிய வரும்போது வாசல்ல நிப்போம். முன்னாடியே போய் பார்க்கிங்குக்கு அழ வேண்டாம்."

வியாழக்கிழமை பாடங்களையெல்லாம் ரத்து செய்தேன். அவரும் லீவு போட்டார். காலையிலேயே ஒத்திகை வேறு நடந்தது. அந்த எண் விமானம் தினமும் வருகிறதாம், நேற்று அது வந்த பாதையை மறுபடி ஓடவிட்டுப் பார்க்கலாமாம். "எந்த இடத்துல திரும்புது, எங்க இறங்க ஆரம்பிக்குது, எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கணும்ல." ஒரு பிளேட் பிஸ்கட்டோடு உட்கார்ந்து படிப்பாளி மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் நான் நல்ல புடவை கட்டி, செருப்பைக்கூட மாட்டிக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்துவிட்டேன். டிவியில் எட்டு நாலு ஏழு கடலுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருந்தது. நான் சாவியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவர், "நடுக்கடல்ல இருக்காங்க உங்கக்கா. உக்காரு" என்றார்.

நான் கேட்கட்டும் என்று அன்றைக்கு ரேடியோவை ஸ்பீக்கரில் விட்டிருந்தார். டவரம்மா வழக்கம்போல் பாதித் தூக்கத்தில் சொன்னாள்: "எட்டு நாலு ஏழு, இறங்கலாம்."

"இறங்கறேன், எட்டு நாலு ஏழு," என்றது ஓர் ஆண் குரல்.

நான் எழுந்து நின்றேன். "என்னங்க! நம்ம நம்பர்!"

அவர் டிவியைப் பார்த்தார். மடியிலிருந்த போனைப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தார். "வாய்ப்பே இல்ல. கண்ணால பாக்கறோம், கடல்ல இருக்கு. அந்தம்மா ஏதோ தூக்கக் கலக்கத்துல நம்பரை மாத்திச் சொல்றாங்க."

"டவரம்மாவா? தப்பாவா? அந்தாளும் திருப்பிச் சொன்னானே!"

"அவனும் கலக்கத்துல இருப்பான்."

டவரம்மாவைச் சொன்னதும் எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. டிவிக்குப் பக்கத்தில் போய், மூக்கு ஒட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தேன். திரையின் மூலையில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது.

"இன்னைக்கு என்ன கிழமைங்க?"

"வியாழன்."

"இங்க புதன்னு போட்டிருக்கு."

குழாய் மட்டும் சொட்டியது. காலையில் ஓடவிட்ட ஒத்திகையை அவர் நிறுத்தவே இல்லை; அது முடிய முடியத் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் இவ்வளவு நேரமும் நேற்று வந்து இறங்கிப் போன விமானத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

"ஸ்டாண்ட்பை," என்றார் அவர், ஈனக்குரலில்.

நான் ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் இருப்பது டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்றுதான். தலையில் போர்டு, நெற்றியில் சிவப்பு எல். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவர் பக்கத்தில், என் இடத்தில், அதாவது பிரேக் இருக்கிற இடத்தில் உட்கார்ந்தார். அந்தக் காலையும் அந்த பிரேக்கையும் சேர்த்து வைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று முதல் திருப்பத்திலேயே தெரிந்தது. நான் வேகத்தைக் கூட்டக் கூட்ட அவர் பயந்து மிதித்தார். கார் விக்கல் வந்ததுபோல் நின்று நின்று போனது. பின்னால் வந்த லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "புதுசா கத்துக்கறீங்களாம்மா? பரவால்ல, பயப்படாம ஓட்டுங்க" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார். பதினெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு.

"காலை எடுங்க!"

"காலை எடுக்கறேன்," என்று திருப்பிச் சொல்லிவிட்டு மறுபடி மிதித்தார். இப்போது கையிலிருந்த போனில் ஒழுங்காக இன்றைய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்கிட்டாங்க. டாக்ஸி பண்றாங்க."

"அதுக்குள்ள டாக்ஸி புடிச்சுட்டாளா!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"விமானம்மா! ஓடுபாதையிலேர்ந்து கட்டடத்துக்கு ஊர்ந்து வர்றதுக்குப் பேரு டாக்ஸி!"

"அதுக்கு வேற பேரே கிடைக்கலையா அவங்களுக்கு?"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை. டாக்ஸி வரிசையில், மஞ்சள் சூட்கேஸோடு, ஒரு காரின் கதவில் கை வைத்தபடி அக்கா நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். தலையில் நரை கூடியிருந்தது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஓடினேன்.

"அக்கா!"

அவள் திரும்பினாள். என் தலைக்குப் பின்னால் எல் போர்டோடு குறுக்கே நிற்கிற காரையும் பார்த்தாள். "வாசல்ல யாருமில்ல. சரி, இதுக்கும் வரமாட்டாபோலன்னு கிளம்பிட்டேன்."

இதுக்கும். அந்த 'உம்' என்னைச் சுட்டது. மன்னிப்பு கேட்கலாம் என்று வந்தவளுக்கு வாயில் வேறு வந்தது. "கல்யாணத்துக்கு நீ வராம இருந்தா நல்லா இருக்கும்னு சொன்னவதானே நீ!"

அக்கா கதவிலிருந்து கையை எடுத்தாள். "யாரு? நானா? 'காலைச் சாக்கா சொல்லிடாத, நீ வராம இருந்தா நல்லாவா இருக்கும்'னு கேட்டேன்டி! கார் அனுப்பறேன், படுத்துக்கிட்டாவது வான்னேன்! நல்லாவா இருக்கும்னு... நீ குளிச்சுட்டிருந்த, போனை எடுத்த மாப்பிள்ளைகிட்டதான் சொன்னேன்!"

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம்.

மாப்பிள்ளை பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். ஒரு காதிலிருந்து இயர்போன் மெல்லக் கழன்று தொங்கியது.

"அன்னைக்கு..." என்று இழுத்தார். "அன்னைக்குக் காத்து ஜாஸ்தி. ஒரு விமானம் இறங்க வந்து வந்து மேல போயிட்டே இருந்துச்சு. இந்தக் காதுல அது, அந்தக் காதுல அக்கா..."

எனக்குக் கொலை செய்கிற அளவுக்குக் கோபம் வந்தது. வாய்விட்டுச் சிரிக்கவும் வந்தது. இரண்டும் சேர்ந்து அழுகையாகத்தான் வெளியே வந்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னேன்: "எங்க, அக்கா சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

"நீ வராம இருந்தா நல்லா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "நல்லா... வா... இருக்கும்."

தொலைந்தது ஒரே ஓர் எழுத்து. அதுவும் எது? அக்கா என்னிடம் சொல்ல நினைத்ததே அந்த ஓர் எழுத்துதான்.

"இன்னொரு தடவ அந்த எழுத்தை மட்டும் சொல்லுங்க மாப்பிள்ளை," என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வா."

"வந்துட்டேன்க்கா," என்றேன் நான்.

டாக்ஸிக்காரர் கையை உதறிவிட்டு அடுத்த ஆளை ஏற்றிக்கொண்டு போனார். அக்காவை முன்சீட்டில் உட்காரவைத்து, கீழே இருக்கிற பிரேக்கை மிதிக்கக் கூடாது என்று சொன்னேன். "பிரேக்கை மிதிக்க மாட்டேன்," என்று அவள் யாரும் கேட்காமலே திருப்பிச் சொன்னாள். மஞ்சள் சூட்கேஸ் பின்சீட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டது.

கேப்டன் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். "அப்ப நான் எங்க உக்கார்றது?"

"ஸ்டாண்ட்பை," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.