ஏனுங்க, தமிழுங்களா?

மணியனுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. ஆனால் மீன் பிடிப்பவருக்கு வேண்டிய எல்லாமே அவரிடம் இருந்தது. நெஞ்சு வரை ஏறும் ரப்பர் கால்சட்டை, உடம்பெல்லாம் பை வைத்த மேல்சட்டை, இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிகள் நிறைந்த டப்பா. அந்தப் பூச்சியை நிஜப் பூச்சிபோலத் தண்ணீரில் இறக்கி ட்ரவுட் மீனை ஏமாற்றுவதுதான் ஃப்ளை ஃபிஷிங். மணியனின் பூச்சிகளிடம் இதுவரை ஏமாந்தது கரையோர மரக்கிளைகள் மட்டும்தான்.

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் வீடு, ஜெர்சி சிட்டியில் வங்கியின் கம்ப்யூட்டர் வேலை, சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். இப்படிப்பட்டவருக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று அவர் மனைவிக்கே விளங்கவில்லை.

வசந்தத்தில் ராரிட்டன் ஆற்றில் அரசாங்கத்தார் ட்ரவுட்டுகளைக் கொண்டுவந்து விடுவார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை கரையில் கால் வைக்க இடம் இருக்காது. போன வருஷம் முதன்முதலாக வந்த மணியன், இரண்டு பேருக்கு நடுவே காலியாக இருக்கிறதே என்று சந்தோஷமாக இறங்கி நின்றுவிட்டார். நம் ஊரில் பஸ்ஸிலும் கோயில் வரிசையிலும் இடைவெளி இருந்தால் அது அடுத்தவன் நிற்பதற்குத்தான். இங்கே அது ஏற்கெனவே நிற்பவன் தூண்டில் வீசுகிற இடம். டேல் என்ற தாடிக்காரர் திரும்பி, "இங்கே நிற்கக் கூடாது, சார். கீழே போங்கள், அந்த வளைவைத் தாண்டி" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மணியனுக்கு மானமே போயிற்று.

அதற்குப் பிறகு வாரா வாரம் வந்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். யாரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எப்படிச் சத்தமில்லாமல் நடக்க வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படியாயிற்று. மீன் மட்டும்தான் அகப்படவில்லை. ஆனால் இந்த வருஷம் டேல் அவரைப் பார்த்துத் தலையை ஆட்ட ஆரம்பித்திருந்தார். அந்த ஒரு தலையாட்டல் மணியனுக்கு கிரீன் கார்டு கிடைத்த மாதிரி இருந்தது.

இன்றைக்கு மகள் கயலையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பத்து வயது. வீட்டில் பேசுகிற தமிழெல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். மீன் மாட்டினால் கைவலையை நீட்டி அள்ளுகிற வேலை அவளுக்கு. டேல் வழக்கம்போலத் தலையை ஆட்டியதும், "அப்பா, ஹீ நோஸ் யூ!" என்றாள் கண்கள் விரிய. மணியனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள் பின்னால் கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

"புஷ்பா, அந்தச் சேரை எடு! அம்மா, தெரியுதுங்களா? இதாம்மா ஆறு! தண்ணி ஐஸாட்டம் இருக்கும்!"

ஒருவர் போனை உயரத் தூக்கி ஊரிலிருக்கும் அம்மாவுக்கு ஆற்றைக் காட்டிக்கொண்டே இறங்கி வந்தார். அக்குளில் புத்தம் புதுத் தூண்டில், விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. பின்னால் அவர் மனைவி, கையில் மடக்கு நாற்காலி, தோளில் ஃப்ளாஸ்க். மணியனுக்கு அந்தப் பேச்சு கேட்ட மாத்திரத்தில் புரிந்துவிட்டது. கோயம்புத்தூர் பக்கம். அவருடைய சொந்தப் பேச்சு.

கரையில் தலைகள் திரும்பின. டேல் மணியனிடம் மெதுவாக, "உங்கள் நண்பர்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார் மணியன். அது உண்மைதான். ஆனால் கொஞ்சம் அவசரமாகவே சொன்னார்.

வந்தவர் போனைப் பையில் போட்டார். டேலுக்கும் மணியனுக்கும் நடுவில் இடம் காலியாக இருந்ததைப் பார்த்தார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சந்தோஷமாக இறங்கி வந்து நின்றார். மணியனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங்க, தமிழுங்களா?"

மணியனின் வாயில் 'ஆமாங்க' வந்து நின்றது. டேல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப்புறம் நின்றவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரி?" என்றார் மணியன் ஆங்கிலத்தில்.

"இல்லீங்க, பாத்தா நம்மூரு மாதிரி... ஆர் யூ தமிழ்?"

"நோ. சாரி."

வந்தவரின் சிரிப்பு ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டுப் பிறகு பணிவாகச் சுருங்கியது. "ஓ, சாரி சார். ஐ ஆம் சபரிநாதன். ஃபர்ஸ்ட் டைம். வேர் டு ஸ்டாண்ட், சார்?"

மணியன் தூண்டில் கோலை நீட்டி ஆற்றின் போக்கில் கீழே காட்டினார். "இங்கே நிற்கக் கூடாது, சார். கீழே போங்கள், அந்த வளைவைத் தாண்டி." டேல் சொன்ன அதே ஆங்கில வாக்கியம், அதே ஏற்ற இறக்கம். சபரிநாதன் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார். டேல் தலையை ஆட்டினார்.

மணியன் கரையைப் பார்த்தார். கயல் கைவலையை மடியில் வைத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அப்பாவையே பார்த்தாள். மணியனுக்குக் காது மடல் சுட்டது. தண்ணீரைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தப்பு செய்துவிட்டோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இப்போதுகூட நாலு எட்டு வைத்துப் போய், 'மன்னிச்சுக்குங்க, நானும் கோபிங்க' என்று சொல்லிவிடலாம். டேல் போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தார். வெட்கத்திலேயே கோலை வீசினார், கவனமில்லாமல். அதனால்தானோ என்னவோ பூச்சி முதன்முறையாக ஒழுங்காக இறங்கியது.

கோல் வளைந்தது.

"கயல், நெட்!"

பிள்ளை எவ்வளவு நேரம் காத்திருந்தாளோ, பாறையிலிருந்து குதித்து ஓடி வந்தாள். மெதுவாக வரச் சொல்லியிருக்க வேண்டும், மணியனுக்கு மீன்தான் கண்ணில் இருந்தது. வழுக்குக் கல்லில் அவள் கால் பட்டது. அடுத்த கணம் கைவலை ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கமாக ஆறு இழுத்தது.

மணியன் கோலைப் போட்டார். மீனும் போயிற்று, கோலும் போயிற்று.

"கயலு! ஐயோ, என்ற புள்ள! கல்லப் புடி கண்ணு, கல்லப் புடி!"

கரை முழுக்கக் கேட்டது அந்தக் கத்தல். ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் புகுந்து, ஓட முடியாமல் தடுமாறினார். வளைவில், அவரே கைகாட்டி அனுப்பிய இடத்தில், சபரிநாதன் போட்ட துணியோடு இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்து கயலை வாரி எடுத்தார்.

மணியன் போய்ச் சேர்ந்தபோது புஷ்பா தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கயலைச் சுற்றி நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். ஃப்ளாஸ்க்கிலிருந்து சுக்குக் காப்பியை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். மணியனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குழந்தையிடம் வேண்டுமென்றே ஆங்கிலத்தில், "வாட் இஸ் யுவர் நேம், பேபி?" என்று கேட்டாள்.

கயலின் பற்கள் கிடுகிடுத்தன. "கயல்" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். வீட்டில்கூடப் பேசாத தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "நாங்க தமிழ்தான், ஆன்ட்டி."

மணியன் அப்பாடா என்று பிள்ளையைக் கட்டிக்கொள்ள வந்தவர், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"ரொம்ப நன்றிங்க" என்றார் சபரிநாதனிடம். "நான் வந்துங்க... அப்ப வந்து..."

சபரிநாதன் சட்டை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார். உதடு குளிரில் நீலம் பாரித்திருந்தது. "இட்ஸ் ஓகே, சார்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

டேல் மூச்சு வாங்க ஓடி வந்தார். குழந்தை நலமாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தார். பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "அப்படியென்றால் நீங்கள் இருவரும் ஒரே ஊரா? தெரிந்தவர்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல மணியன் வாயைத் திறந்தார். இந்த முறை நிச்சயமாகச் சொல்லியிருப்பார்.

சபரிநாதன் முந்திக்கொண்டார். "நோ, நோ" என்றார் டேலிடம், மணியனைக் காப்பாற்றுகிறவர்போல. "வீ டோன்ட் நோ ஹிம்."

டேல் மணியனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கயல் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.