கொக்கி வைத்த படம்

அந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டே எல்லோருக்கும் பழகிவிட்டது. சின்னவளுக்கு ஒரு கைத்தொழில் உண்டு. பழைய சாமான் கடையில் கேட்பாரற்றுக் கிடக்கும் படச்சட்டங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி வருவாள். கண்ணாடியைக் கழற்றி, மரத்தை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அடித்து, வெல்வெட் துணியை இழுத்து ஒட்டி, வரிசையாகப் பித்தளைக் கொக்கிகளைத் திருகுவாள். கம்மலும் மாலையும் மாட்ட அழகான பலகை ஆகிவிடும்.

முகம் தெரிகிற சட்டத்தை அவள் வாங்கவே மாட்டாள். பூ, மலை, கப்பல் இப்படி ஏதாவது இருந்தால்தான் எடுப்பாள். அந்தப் படத்தையும் வெளியே எடுக்க மாட்டாள், அட்டையோடு அட்டையாகக் கிடந்தால் கொக்கிக்குப் பிடிமானம். ஒருமுறை ஒரு பூப்படத்துக்கு அடியில் யாரோ ஒரு குழந்தையின் படம் இருந்தது. அன்று முழுக்க அவளுக்குக் கை ஓடவில்லை. அதிலிருந்து அடியில் என்ன இருக்கிறதென்று தூக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். சாப்பிடும்போது தன்னைத்தானே கேலி செய்துகொண்டு இதைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவள் சிரித்ததோடு காதிலும் போட்டுக்கொண்டாள்.

பெரியவளுக்கு, சின்னவள் வேலை செய்கிற பின்னறை வேண்டும். வேலை தேடி வரப்போகிற தம்பியை அங்கே குடிவைக்க ஆசை. ஆனால் அறையைச் சின்னவளுக்குக் கொடுத்தவர் மாமனார். அந்த வீட்டில் சின்னவளுக்கு இருந்த ஒரே ஆதரவு அவர்தான். கட்டியவன் இருக்கிறானே, அவன் வாயில் எப்போதும் கொழுக்கட்டை.

இந்த நேரத்தில்தான் ஒரு நகைக்கடைக்காரி, முகப்பில் வைக்கப் பெரிய பலகை ஒன்று கேட்டாள். நேரில் வந்து பார்ப்பேன், பிடித்தால் கடை முழுக்க உன் பலகைதான் என்றாள். சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடை கடையாக ஏறி இறங்கியும் அவ்வளவு பெரிய சட்டம் சிக்கவில்லை. சோர்ந்துபோய் வந்தவளிடம் பெரியவள் பரணிலிருந்து ஒன்றை இறக்கிக் கொடுத்தாள். கனமான தேக்குச் சட்டம். உள்ளே ஒரு அருவி.

"சும்மாதான் கிடக்கு. எடுத்துக்கோ."

சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் அக்காவைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாவி, அங்கேதான் ஏமாந்தாள்.

நகைக்கடைக்காரி வந்தாள். கூடத்துச் சுவரில் பலகை மினுமினுத்தது. இதே மாதிரி இன்னும் வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமனார் உள்ளே வந்தார். சட்டத்தைப் பார்த்தார். மேல் மூலையில் இருந்த வெடிப்பை விரலால் தடவினார்.

"இதுல இருந்தது எங்கேம்மா?"

அருவிப் படத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, அவரைத் தேற்றுவதாகச் சின்னவள் சிரித்தபடி சொன்னாள்: "எதையும் எடுக்கல மாமா. உள்ள இருந்தது அப்படியே இருக்கு."

அவர் பலகையை இறக்கி மேசைமேல் வைத்து, ஒவ்வொரு கொக்கியாகத் திருகி எடுத்தார். துணியை உரித்தார். அருவியைத் தூக்கினார். அடியில் அவருடைய மனைவி இருந்தாள். அவள் செத்த பிறகு முகத்தைப் பார்க்கத் தாங்காமல், அதன்மேல் ஒரு அருவியைப் போட்டு மூடச் சொன்னவர் அவர்தான். மூடிக் கொடுத்தவள் பெரியவள். சின்னவள் அப்போது இந்த வீட்டுக்கு வரவேயில்லை. இருந்தது அந்த ஒரே படம். இப்போது நெற்றி, கண், உதடு, கழுத்து எல்லாம் வரிசை தப்பாத ஓட்டைகள்.

நகைக்கடைக்காரி சொல்லிக்கொள்ளாமல் நழுவினாள். கட்டியவன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், பெண்டாட்டி பக்கம் திரும்பவில்லை. அக்காதான் எடுத்துக் கொடுத்தாங்க என்று சின்னவள் எப்படியோ சொல்லி முடித்தாள்.

பெரியவள் பதறவில்லை. "கொடுத்தேன். தொழில் தெரிஞ்சவ, பிரிச்சுப் பார்ப்பான்னு நினைச்சேன்."

மாமனார் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் சின்னவள் அழுது தீர்த்திருப்பாள். "யார் கொடுத்தா என்ன, துளைச்சது உன் கைதானே" என்றார். பிறகு கொக்கிகளை அள்ளி அவள் கையில் வைத்தார். அதே ஓட்டைகளில் திரும்ப மாட்டச் சொன்னார், துணி இல்லாமல், படத்தின்மேலேயே. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் கண்ணில் ஒன்று, உதட்டில் ஒன்று என்று திருகினாள். முடிந்ததும் அதைப் பின்னறையில் அவள் மேசைக்கு எதிரே மாட்டச் சொன்னார். "அறை உனக்குத்தான். தினம் இதைப் பார்த்துக்கிட்டே வேலை செய்."

அவள் செய்யத்தான் பார்த்தாள். துணி வெட்ட உட்காருவாள், வெட்டாமலே மடித்து வைத்துவிடுவாள். வாரம் முடிவதற்குள் அவளே உப்புத்தாளையும் பசையையும் மூட்டை கட்டிக் குப்பையில் போட்டாள். அறையைக் காலி செய்யும்படி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரியவளின் தம்பி பெட்டியோடு அந்தப் பின்னறைக்கு வந்து சேர்ந்தான். நல்ல பையன், ஒன்றும் தெரியாதவன். படத்தை எடுத்துவிடலாம் என்றால் மாமனார் தொடக்கூடாது என்றுவிட்டார். அவரோ அந்த அறைப் பக்கமே போவதில்லை. ஒருநாள் பெருக்கப் போன சின்னவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். படத்திலிருந்த மாமியாரின் நெற்றியில் சாவிக்கொத்து, கழுத்தில் வியர்த்த பனியன், உதட்டில் ஒரு தொப்பி.

எதற்கு இதில் மாட்டினாய் என்று கேட்டாள்.

அவன் விழித்தான். "கொக்கி மாட்டத்தானே இருக்கு, அக்கா?"