இரண்டு புள்ளடி

ஆதம்பாவா நகரசபைத் தேர்தலில் நிற்கிறார் என்ற செய்தி வெளிவந்த அன்று, டென்மார்க்கில் ஹேர்னிங்கிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் தள்ளியிருந்த அந்தச் சின்ன ஊரில் மூன்று பசுக்கள் பால் சுரக்க மறந்தன, தேவாலய மணி ஆளில்லாமல் அடித்தது என்றெல்லாம் பிறகு கதை கட்டினார்கள். அதையெல்லாம் விட்டுவிடலாம். ஆனால் பேக்கரிக்காரி அவருடைய பாணை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வாயைப் பிளந்தபடி நின்றாள் என்பது மட்டும் நூறு வீத உண்மை.

ஆதம்பாவா இலங்கையில், மட்டக்களப்புக்குப் பக்கத்துக் காத்தான்குடியில் பிறந்தவர். கப்பலில் சமையல்காரனாகப் போய், எழுபத்திரண்டாம் ஆண்டு எஸ்பியர்க் துறைமுகத்தில் உப்பு வாங்க இறங்கி, திரும்ப ஏற மறந்துபோனவர். பதினேழு வருசமாகப் படுக்கை விரிப்புத் தொழிற்சாலையில் வேலை. வாய்க்குள் அவித்த உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோன்ற யூட்லாந்து டேனிஷை அவர் பேசுவதைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டிருக்கிற விவசாயி இவரைத் தன் சித்தப்பா என்றே நினைப்பான். கண்ணைத் திறந்த பிறகு என்ன நினைப்பான் என்பது வேறு கதை.

அவருக்குப் பதவி ஆசை மயிரளவும் இல்லை. வேண்டியது ஒரு துண்டு நிலம்.

மனைவி ஆசியா உம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. அடுத்த கோடையைக் காண்பது கஷ்டம் என்று டாக்டர் நல்ல மரியாதையாகச் சொல்லிவிட்டார். அந்த ஊரில் ஒரு முஸ்லிம் மௌத்தானால் மையத்தை, அந்த உடலை, கொப்பன்ஹேகன் பக்கம் கொண்டுபோய் அடக்க வேண்டும். ரயிலேறி, ரயிலோடு சேர்ந்து கப்பலேறி, மறுகரையில் இறங்கிப் போகவேண்டிய தூரம். தொழிற்சாலையில் கூட வேலைசெய்த துருக்கிக்காரனின் தகப்பன் அப்படித்தான் போனார். மகன் பெருநாளுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.

"இஞ்ச பாருங்க, என்னைக் கடலுக்கு அங்கால கொண்டுபோய்ப் போட்டிராதீங்க" என்று ஆசியா உம்மா சொல்லியிருந்தாள். "நீங்க சைக்கிள்ல வந்து நாலு வார்த்தை பேசிட்டுப் போற தூரத்தில வையுங்க. உசிரோட இருக்கக்க பேசாததை எல்லாம் அங்க வந்து பேசலாம்."

ஊர் மயானம் நகரசபைக்குச் சொந்தம். ஆதம்பாவா போய்க் கேட்டார். அலுவலகத்து மனிதர் கோப்பி கொடுத்தார், பிஸ்கற் கொடுத்தார், நிலத்தை மட்டும் கொடுக்கவில்லை. மக்கா இருக்கிற கிப்லாத் திசையைப் பார்த்துக் கிடத்துவதென்றால் குழியைச் சரித்து வெட்ட வேண்டும். இங்கே எல்லாக் குழிகளும் நேர் வரிசை. ஒன்று சரிந்தால் புல்வெட்டும் மெசின் திரும்ப இடம் காணாது. உலகத்தில் எத்தனையோ பேரரசர்கள் இஸ்லாத்தை மறித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு புல்வெட்டும் மெசின் மறித்தது அந்த ஊரில்தான்.

"இதை மாற்ற நகரசபைக்குத்தான் அதிகாரம்" என்றார் அந்த மனிதர், இரண்டாவது பிஸ்கற்றை நீட்டியபடி.

அப்படியானால் நகரசபைக்குள்ளேயே போவோம் என்று ஆதம்பாவா முடிவு கட்டினார்.

பெரிய கட்சிகளோடு கோபித்துக்கொண்ட சிலர் 'ஊர்ப்பட்டியல்' என்று தேர்தலுக்கு ஒரு தனி அணி தொடங்கியிருந்தார்கள். அதற்குத் தலைவர்போல நடந்துகொண்டவர் பெயின்ற் கடைக்காரர் பிரெபென். அவருடைய சிரிப்பை வைத்து ஒரு தெருவுக்கே வெளிச்சம் போடலாம், மின்சாரம் மிச்சம். ஆதம்பாவாவையும் பட்டியலில் சேர்த்தால் வெளிநாட்டுக்காரரின் வாக்கு வரும் என்று அவர் கணக்குப் போட்டார். பிழையான கணக்கல்ல. மூன்று வருசம் வசித்த வெளிநாட்டுக்காரருக்கும் நகரசபைத் தேர்தலில் வாக்குண்டு. எண்பத்து மூன்றின் கலவரத்துக்குப் பிறகு வந்த தமிழர்களில் அறுபது சொச்சம் பேருக்கு அந்த எண்பத்தொன்பதாம் ஆண்டு நவம்பரில் வாக்கு வந்திருந்தது. துருக்கிக்காரர் தொழிற்சங்கம் சொன்ன கட்சிக்கே போடுவார்கள். அவர்களை அல்லாவாலும் அசைக்க முடியாது. ஆகவே ஆதம்பாவா நம்பியது தமிழர்களை.

நம்புவதற்குக் காரணமும் இருந்தது. அவர்களில் பாதிப்பேர் பெண்சாதி பிள்ளைகளை இலங்கையில் விட்டுவிட்டு வந்தவர்கள். கூப்பிடச் சட்டம் இடம் கொடுத்தது. அமைச்சோ விண்ணப்பங்களை இழுப்பறையில் போட்டுப் படுக்க வைத்தது. இந்த வருசம்தான் அவை ஒவ்வொன்றாகக் கண் விழிக்கத் தொடங்கியிருந்தன. அந்தக் காலம் முழுவதும் அத்தனை பேருக்கும் டேனிஷில் மனு எழுதிக் கொடுத்தவர் ஆதம்பாவா. முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிறபடி எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிட்டார்கள். அவருடைய குசினி மேசையில் சிந்திய கண்ணீரைச் சேர்த்திருந்தால் இன்னொரு மட்டக்களப்பு வாவி வெட்டியிருக்கலாம்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் எல்லோரையும் கூப்பிட்டுச் சகன் வைத்தார். பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் ஆட்டிறைச்சியை வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தாம்பாளத்தில் கைபோட்டுச் சாப்பிடுவது அவர்களுடைய வழக்கம். பக்கத்திலிருப்பவனின் பங்குக்குள் விரல் போகக்கூடாது. நல்ல துண்டை அவன் பக்கம் தள்ளிவிட வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோணேசன் முதலில் கொஞ்சம் கூச்சப்பட்டான். பிறகு அவன் தின்ற வேகத்தில் தாம்பாளத்தின் பூவேலை அழிந்துபோயிற்று.

சாப்பாடு முடிய ஆதம்பாவா மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றைச் சுவரில் ஒட்டி, தன் பெயருக்கு நேரே குறுக்கும் மறுக்குமாக இரண்டு கோடு கீறிப் புள்ளடி போட்டுக் காட்டினார்.

"இதுதான் எங்கட பட்டியல். இதில ஆருக்குக் கூடப் புள்ளடி விழுகுதோ, அவருக்குத்தான் சபையில கதிரை. ஒரே ஒரு புள்ளடி. என்ர பேருக்கு நேர."

"ஒண்டுதானா நானா?" என்று எழும்பினார் செபஸ்தியாம்பிள்ளை. மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர், மூன்று தேர்தலில் வாக்குச்சாவடி நடத்தியவர். இங்கே ஆதம்பாவாவோடு விரிப்பு மடிக்கிறார் என்றாலும் எல்லோருக்கும் அவர் கிளாக்கர்தான். தேர்தல் விசயத்தில் அவர் தும்மினாலும் சனம் அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளும். "எங்கட மட்டக்களப்பில ஆளுக்கு ரெண்டெல்லோ?"

"அது அங்க கிளாக்கர். இங்க ஒண்டு."

"ஓம் ஓம்" என்றார் கிளாக்கர்.

"ஓம் நானா, உங்களுக்கில்லாமல் வேற ஆருக்கு?" என்றான் கோணேசன். அவனுடைய மனைவி இராசலட்சுமி, "நான் கண்ணை மூடிக்கொண்டு உங்களுக்குத்தான்" என்றாள். ஓம், ஓம் என்ற சத்தத்தில் அந்தத் தொடர்மாடியே கோயிலாகிவிட்டது.

எல்லோரும் போன பிறகு, சோபாவில் போர்வைக்குள் கிடந்த ஆசியா உம்மா கேட்டாள்: "ஆராவது ஒருத்தர் இல்லை எண்டு சொன்னாங்களா?"

"இல்லை புள்ள, எல்லாரும் ஓம்."

"அதுதான் பயமாக் கிடக்கு."

செவ்வாய்க்கிழமை தேர்தல். காற்று ஆளைத் தூக்கிச் சுவீடனில் வைக்கிற மாதிரி அடித்தும் தமிழர் ஒருவர் பாக்கியில்லாமல் போனார்கள். பெண்கள் பட்டுச்சேலைக்கு மேல் குளிர்க்கோட்டுப் போட்டுப் போனார்கள். வாக்குச்சாவடிக்காரர் ஏதோ கலியாணம் என்று நினைத்திருப்பார்கள்.

பட்டியலுக்கு ஒரு கதிரை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. யாருக்கு என்று மறுநாள் பின்னேரம் மண்டபத்துப் பலகையில் எழுதினார்கள். பிரெபெனுக்கு. ஆதம்பாவா ஒன்பது வாக்கால் பின்னுக்கு.

அவர் பலகையை மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். தமிழர் மட்டுமே அறுபது பேர் போனார்களே! வாக்கு எண்ணிய நூலகக்காரி அவரைத் தெரிந்தவள். பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"உங்கள் பெயருக்கு நேரே புள்ளடி போட்ட சீட்டு இன்னும் நிறைய இருந்தது. ஆனால் அதே சீட்டில் பிரெபெனுக்கும் ஒரு புள்ளடி. ஒரே பட்டியலில் இரண்டு பேருக்குப் போட்டால் அது ஆளுக்குச் சேராது, பட்டியலுக்குத்தான் சேரும். உங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை."

"எத்தனை சீட்டு?"

"அறுபத்தொன்று."

அந்த அறுபத்தொன்றால்தான் பட்டியலுக்குக் கதிரையே கிடைத்தது. அதில் ஏறி உட்கார்ந்தவர் பிரெபென்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் சனம். கோணேசன் ஒரு கேக்கைத் தூக்கிக்கொண்டு நின்றான். கல்யாணக் கேக்கின் அளவு. அதை உள்ளே எடுக்கக் கதவைக் கழற்ற வேண்டியிருக்கும்போல இருந்தது.

"நானா, வெண்டிட்டம்!"

"ஆர் வெண்டது?"

"எங்கட பட்டியல்தான்! கிளாக்கர் சொன்னபடி எல்லாரும் போட்டது. ஒண்டு உங்களுக்கு, ஒண்டு பிரெபெனுக்கு."

"நான் நாலு பேருக்குப் போட்டன் நானா" என்றாள் இராசலட்சுமி. "முதல் தரமெல்லோ, சந்தோசத்தில கை நிக்கேல்லை."

ஆதம்பாவா கிளாக்கரைப் பார்த்தார். "ஏன் கிளாக்கர் ரெண்டு போடச் சொன்னீங்க? ஒண்டு எண்டு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனே."

"நானா, ஒண்டை மட்டும் போட்டு ஒரு தொகுதியை ஆரும் நடத்த ஏலுமே? மட்டக்களப்பில ரெண்டு மெம்பர், ஆளுக்கு ரெண்டு வாக்கு. ஒண்டு தமிழனுக்கு, ஒண்டு உங்கட சோனகனுக்கு. ரெண்டு பக்கமும் மனசு நோகாது. அந்த முறையை எடுத்துப்போட்ட பிறகுதானே அங்க வெட்டுக்குத்து."

"அதெல்லாம் சரி. பிரெபென் எப்ப கிளாக்கர் தமிழனானவன்?"

கோணேசன் சிரித்துவிட்டுக் கேக்கைப் பார்த்துக்கொண்டான்.

"அவன்ர பெண்சாதியின்ர தங்கச்சி கொப்பன்ஹேகனில மினிஸ்ட்ரியில வேலையாம்" என்றார் கிளாக்கர். "சனத்துக்குப் பெண்சாதி பிள்ளையள் வரவேணும் நானா. ஒரு கையை அந்தப் பக்கமும் வைச்சால் நல்லதெண்டு நினைச்சம்."

"மீன்பிடி மினிஸ்ட்ரி, கிளாக்கர். அவள் மீனை எண்ணுறவள்."

"மினிஸ்ட்ரி மினிஸ்ட்ரிதானே."

"உங்கட மனுவை எழுதினது ஆரு? பிரெபெனின்ர கொழுந்தியா?"

கிளாக்கரின் முகம் சுருங்கியது. பொல்லாத மனிதரில்லை அவர். மட்டக்களப்பில் மனைவி மூன்று பிள்ளைகளோடு ஒரு அறையில் இருந்தாள். "எனக்கும் மனிசி பக்கத்தில இருக்கவேணும் நானா" என்றார்.

"எனக்கும்தான்" என்றார் ஆதம்பாவா.

கேக்கை யாரும் வெட்டவில்லை. அதைத் திரும்பக் கொண்டுபோவதா விட்டுப்போவதா என்று தெரியாமல், சப்பாத்து வைக்கிற தட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

புதிய சபை ஜனவரியில் கூடியது. ஆதம்பாவா பிரெபெனைக் கடையில் போய்ப் பார்த்து மயான விசயத்தைச் சபையில் கேட்கச் சொல்லியிருந்தார். "கட்டாயம்! கட்டாயம்!" என்று பிரெபென் அவருடைய தோளைத் தட்டிய தட்டில் ஒரு கிழமை வலியிருந்தது. ஆசியா உம்மா அப்போது ஹேர்னிங் ஆஸ்பத்திரியில். "போய்க் கேட்டுட்டு நேர இங்க வாங்க. இரவெண்டாலும் முழிச்சிருப்பன்" என்று சொல்லி அனுப்பினாள்.

செய்த பிழையைச் சரிக்கட்டக் கிளாக்கரும் தமிழரைத் திரட்டிக்கொண்டு வந்து பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கிற வாங்குகள் முழுவதையும் நிரப்பினார். அந்தச் சபையின் கூட்டத்தைப் பார்க்க மனிதர்கள் வந்தது அதுதான் முதல் தடவை. பயந்துபோன தவிசாளர் இரண்டுமுறை தண்ணீர் குடித்தார்.

பிரெபென் எழுந்தார். சிரிப்பைப் போட்டார். நமது நண்பர் ஆதம்பாவா என்றார். வெளிநாட்டு நண்பர்கள் இவ்வளவு பேர் ஜனநாயகத்தில் பங்கெடுப்பதைக் காணப் பெருமையாக இருக்கிறது என்றார். மயானத்தில் எல்லோருக்கும் இடமுண்டு என்றார். பிறகு அதே குரலில், அதே சிரிப்போடு, ஆனால் வரிசை மாறக்கூடாது என்றார். எல்லோரும் ஒரே திசையில் படுப்பதுதான் இந்த ஊரின் சமத்துவம். சரித்துக் குழி வெட்டுகிற யோசனையைத் தானும் ஆதரிக்கவில்லை. கைகள் உயர்ந்தன. யோசனை தோற்றது. அவ்வளவுதான், ஒரு கோப்பி ஆறுகிற நேரம்கூட இல்லை.

கைகள் இறங்கியதும் பின்னாலிருந்த வாங்குகளிலிருந்து கைதட்டல் எழும்பியது. அந்த டேனிஷ் பேச்சில் ஆதம்பாவா என்ற பெயரையும் பெருமை என்ற சொல்லையும் மட்டும் விளங்கிக்கொண்ட சனம், காரியம் வென்றுவிட்டது என்று நினைத்து, கூரையிலிருந்த நூறு வருசத்துத் தூசி உதிரத் தட்டியது. பிரெபென் எழுந்து குனிந்து வணங்கினார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். தன் பெண்சாதியின் குழி மறுக்கப்பட்டதற்கு அறுபது பேர் கைதட்ட, நடுவில் அமர்ந்திருந்த ஒரே மனிதர் ஆதம்பாவா.

வெளியே வந்ததும் கிளாக்கர் ஓடிவந்தார். "என்ன நானா, கிடைச்சிட்டுதே?"

"இல்லை."

"அப்ப அவன் என்ன சொன்னவன்?"

"எல்லாரையும் போலப் படுக்கலாமாம். எங்களைப் போலப் படுக்க ஏலாதாம்."

கிளாக்கர் தொப்பியைக் கழற்றினார். அந்தக் குளிரில் அவருடைய மொட்டைத் தலையிலிருந்து ஆவி பறந்தது. உள்ளே தட்டிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஆட்கள் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்கள்.

"என்ர பிழை நானா. என்ர பிழைதான். அடுத்த முறை நான் முன்னுக்கு நிண்டு சனத்துக்குச் சொல்லுறன். ஆண்டவராணை, ஒரே ஒரு புள்ளடி எண்டு."

ஆதம்பாவா சைக்கிளில் கையை வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஒண்டை ஆருக்குப் போடுவீங்க கிளாக்கர்?"

கிளாக்கர் வாயைத் திறந்தார். ஓம் நானா என்று சொல்லப் பழகிய வாய். அந்தச் சனத்தையும் பார்த்தார். சனம் நிலத்தைப் பார்த்தது. கோணேசன் மட்டும் இருமினான்.

"அதுதான்" என்றார் ஆதம்பாவா. ஆஸ்பத்திரி பஸ் வருகிற தரிப்பை நோக்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.