செருப்புக்கு அனுமதி இல்லை

முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருந்தது. வேதியியல், பயன்பாட்டு அறிவியல், வணிக மேலாண்மை என்று மூன்று அறிமுகப் பாடங்கள். மூன்றையும் தலா ஒரு மணி நேரம் ருசி பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பிடித்த வகுப்பில் போய் உட்கார வேண்டும். எந்த அறையில் தலை குறைகிறதோ அந்தப் பாடத்துக்குப் பூட்டு. நடத்துகிறவர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

பயன்பாட்டு அறிவியலுக்குப் பயமில்லை. அதை நடத்தும் வாத்தியாரிடம் மாடிப்படி ஏறும் ரோபோ பொம்மை வண்டி ஒன்று இருந்தது. பாதிப் படியில் குப்புற விழும். அதற்கே கைதட்டல் கிடைக்கும். பூட்டு விழுந்தால் கெமிஸ்ட்ரி மேடம் தலையில் விழ வேண்டும், இல்லையென்றால் மேனேஜ்மென்ட் சார் தலையில். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த சார் மேடத்தின் சொந்தப் புருஷன்.

அவள் துணிக்கடைக்காரர் மகள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். அவரோ பேரம் பேசும் கலையைப் பற்றி வாய் கிழிய வகுப்பெடுப்பார். கடைக்குப் போனால் சொன்ன விலையைக் கொடுத்து, கூடவே ஒரு நன்றியும் சொல்லிவிட்டு வருவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஸ்லைடு சார்.

"உன் பாடத்துக்கு ஒரு இமேஜே இல்லம்மா," என்றார் சாப்பிடும்போது. "பசங்களைக் கை நீட்டி வரவேற்கணும். நான் ஆளுக்கொரு பேனா கொடுக்கப் போறேன்."

"இனாமாவா?"

"வாடிக்கையாளர் மனசு குளிரணும் இல்ல?"

"எங்கப்பா கடையில விக்காத சரக்குக்குத்தாங்க இனாம் கொடுப்பாங்க."

"அதெல்லாம் பழைய வியாபாரம்."

"ஆமாமா, லாபம் வந்த வியாபாரம்."

மறுநாள் அவர் அறையில் விளக்கை அணைத்துத் திரையை இறக்கினார். "நாளைய தலைவர்களே!" என்று தொடங்கினார். முதல் ஸ்லைடில் ஒருவன் ஏணி ஏறினான். அடுத்ததில் மலை ஏறினான். அதற்கடுத்ததில் அவனே அம்புக்குறியாகி மேலே பறந்தான். அவன் என்ன விற்றான், யாரிடம் விற்றான் என்று கடைசி வரை தெரியவில்லை. நாளைய தலைவர்கள் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு, குளிர்ந்த இருட்டில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அதற்கடுத்த நாள் மேடத்தின் முறை. பிள்ளைகள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது அவள் வாசலை மறித்து நின்றாள்.

"செருப்பு போட்டவங்க வெளிய. மூடின ஷூ இருந்தா மட்டும் உள்ள."

"மேடம், சும்மா பாக்கத்தானே வந்தோம்..."

"அமிலம் சும்மா பாக்க வந்த காலுன்னு விட்டுடுமா? ஏம்மா, முடியைக் கட்டாம வந்திருக்கியே, நீயும் நில்லு."

பாதிக்கு மேல் வராந்தாவிலேயே நின்றது. உள்ளே போன கொஞ்சம் பேரைச் சுற்றி நிறுத்திவிட்டு, அவள் நீளமான கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலக் குடுவைக்குள் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். தண்ணீர் போலவே கிடந்தது. திடீரென்று ஒரு சொட்டில் குடுவை முழுக்க ரோஜா நிறம் பரவியது. உள்ளே "ஓ!" என்று ஒரு சத்தம். வெளியே இருந்தவர்கள் கண்ணாடி ஜன்னலில் மூக்கை நசுக்கினார்கள்.

"மேடம், அந்தக் கடைசிச் சொட்டை நாங்க பாக்கவே இல்ல!"

"பாத்து என்னப்பா செய்யப் போறீங்க? இது கஷ்டமான பாடம், உங்களுக்குச் சரிப்படாது. மேனேஜ்மென்ட்டுக்குப் போங்க. அங்க செருப்பு போடலாம், தூங்கலாம், பேனாவும் உண்டு."

துணிக்கடையில் எட்டாத மேல் அடுக்குப் புடவையைத்தானே எல்லோரும் எடுத்துக் காட்டச் சொல்வார்கள்?

திங்கட்கிழமை ஆய்வுக்கூட வாசலில் தள்ளுமுள்ளு. எல்லாக் காலிலும் ஷூ. அண்ணனுடையதை இரவல் வாங்கித் தொளதொளவென்று மாட்டி வந்தவனும் உண்டு. ஸ்லைடு சாரிடம் ஒரு சிலர்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் பேனா எழுதவில்லை என்று மாற்ற வந்தவன்.

மேலாண்மைப் பாடத்துக்குப் பூட்டு விழுந்தது. தன் வேலை தப்பியதில் மேடத்துக்குச் சந்தோஷம்; மனுஷன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று சங்கடமும்தான். ஆறுதலாக நாலு வார்த்தை யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவர் கண்ணாடி முன் டை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை அட்மிஷன் டைரக்டர் ஆக்கிட்டாங்க. கல்லூரிக்கே ஆள் சேர்க்கிற பொறுப்பு. ஏசி ரூம், கார்ப்பெட் எல்லாம் உண்டு."

"உங்க வகுப்புக்கே ஆள் சேரலியே!"

"அந்த அனுபவம்தான் முக்கியம்னு முதல்வர் சொன்னாரு. இனிமே நீங்கள்லாம் எனக்குத்தான் பதில் சொல்லணும்."

ஓட்டைக் குடத்தைக் கிணற்றுக்கு மேஸ்திரி ஆக்கியிருக்கிறார்கள். யோசித்து வைத்த நாலு வார்த்தையையும் விழுங்கிக்கொண்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

அந்த வாரமே டைரக்டர் முதல்வரை அழைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தைக் காட்ட வந்தார். நிரம்பி வழிந்த கூட்டத்தைக் கை நீட்டிக் காட்டினார்.

"பாருங்க சார். எல்லாரையும் விடாதே, கொஞ்சம் பேரை வாசல்லயே நிறுத்துன்னு நான்தான் வீட்டுல சொல்லிக் கொடுத்தேன். என்னோட உத்தி."

மேடம் தலையைத் தாழ்த்தினாள்; பணிவு என்று டைரக்டர் நினைத்திருக்கலாம். அவள் பார்த்தது அவர் காலை. ஏசி அறையின் கார்ப்பெட்டில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு மெத்துமெத்துச் செருப்பில் நடக்கும் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. அதே செருப்போடு இறங்கி வந்திருந்தார்.

"வாங்க சார்," என்று முதல்வருக்கு வழிவிட்டாள். அடுத்து கதவுக்குக் குறுக்கே கையை வைத்தாள். "என்னங்க, செருப்பு."

"ஏய், நான் டைரக்டர்!"

"அமிலத்துக்கு அது தெரியாதே. உங்க உத்திதானேங்க? நீங்களே மீறினா எப்படி?"

பின்வரிசையில் ஒருவன் தும்முவது போலச் சிரித்தான். முதல்வர் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். "மேடம் சொல்றது சரிதான். நீங்க வெளியவே இருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

மேடம் கதவைச் சாத்தினாள். குழாயில் சொட்டு இறங்கத் தொடங்கியது. கண்ணாடி ஜன்னலில் டையோடு ஒரு மூக்கு நசுங்கியது.