மேனேஜர் போட்ட மூன்று கோடுகள்

அந்தச் சோபாவுக்கு விலையே கிடையாது என்று சொன்ன வாய், அதே மூச்சில் எண்பதாயிரம் என்றும் சொன்னது. சொன்னவர், பழைய மரச்சாமான்களை வாங்கி இழைத்து, துணி மாற்றி விற்கும் கடைக்காரர். கேட்டவர், எதிர்ச்சாரியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரம்மா. விலை மதிப்பில்லாத பொருளுக்கு ஒரு விலையைச் சொன்னால்தான் எதிராளிக்கு அதன் அருமை உறைக்கும் என்பது கடைக்காரரின் கட்சி. சொன்ன விலை காதிலேயே விழாதது போல் ஜன்னல் பக்கம் பார்ப்பது டாக்டரம்மாவின் கட்சி. பேரம் காலையில் தொடங்கி, நடுவில் இரண்டு நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து, எழுபதாயிரத்தில் முடிந்தது.

"வீட்டுல பெயிண்ட் வேலை நடக்குது. முடிஞ்சதும் எடுத்துக்கறேன்" என்றார் டாக்டரம்மா. "ஆனா ஒண்ணு கடைக்காரரே. எடுக்க வர்றப்ப ஒரு நூல் பிரிஞ்சிருந்தாலும் எனக்கு வேண்டாம். அட்வான்ஸைத் திருப்பி வாங்கிப்பேன்."

"என் உசிரு மாதிரி பாத்துப்பேன் டாக்டரம்மா."

அவர் படியிறங்கும் வரை கடைக்காரர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். திரும்பியபோது கல்லா மேசை மேல் மேனேஜர் கண் விழித்திருந்தது.

மேனேஜர் என்பது கடைப் பூனை. காலை நீட்டிப் படுத்திருக்கும், ஒரு துரும்பையும் நகர்த்தாது, வருகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கும் என்பதால் கடைக்காரரின் மனைவி வைத்த பெயர். அது இறங்கி வந்தது. விற்காத முக்காலி ஒன்றின் மெத்தையில் இரண்டு முன்னங்கால்களையும் ஊன்றி, முதுகை வில்லாக வளைத்து, சர்ரென்று இழுத்தது. பிறகு தலையைத் திருப்பிச் சோபாவைப் பார்த்தது. கனத்த, முரட்டு நெசவுத் துணி. நகம் மாட்டுவதற்கென்றே நெய்தது போல் இருந்தது.

"சோபாவுல கை வச்சா, இது இந்தக் கடையில இருக்காது. சொல்லிட்டேன்" என்றார்.

தையல் மிஷினில் இருந்த மனைவி தலையைக் கூடத் தூக்கவில்லை. "இது போனா நானும் போறேன். அப்பறம் உங்க சோபாவுக்கெல்லாம் நீங்களே உறை தச்சுக்குங்க."

மனைவியின் தம்பி, கடை வேனை ஓட்டுகிறவன், சமாதானத் தூதனாக நடுவில் வந்தான். "எதுக்கு மாமா சண்டை? பூனைக்கு நகத்தையே எடுத்துடலாமாமே. ஒரே நாள்ல வேலை முடிஞ்சுது."

"டேய், உன் பல்லை எல்லாம் பிடுங்கிட்டா எனக்குக் கூடத்தான் சாப்பாட்டுச் செலவு மிச்சம். எதிர்லயே டாக்டர் இருக்காங்க. கூப்பிடட்டுமா?" என்றாள் அக்கா.

தூதன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஆனாலும் கடைக்காரருக்கு அந்த யோசனை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு கூடையில் மேனேஜரை வைத்து மூடி, கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கடைக்காரரின் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலின் நுனிக் கணுவைத் தொட்டார்.

"நகத்தை மட்டும் எடுக்க முடியாது. இந்த எலும்போட சேத்து வெட்டணும். பத்து விரல்லயும் இதுவரைக்கும் வெட்டிட்டா, நீங்க ஆணி அடிப்பீங்களா?"

கடைக்காரர் கையை வெடுக்கென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் அதைச் செய்யறதில்லை" என்றார் டாக்டர். "நகத்து நுனியை மட்டும் வெட்டி விடறேன், வலிக்காது. ஆனா கீறத்தான் செய்யும். அது சோம்பல் முறிக்கிற விதம், தன் வாசனையை வச்சு இது என் இடம்னு கையெழுத்துப் போடற விதம். கீறாதேன்னு சொல்ல முடியாது. இங்க கீறுன்னு சொல்லலாம். நீங்க வியாபாரிதானே? உங்க சோபாவை விட நல்ல சரக்கா ஒண்ணைக் காட்டுங்க."

வியாபாரம் என்ற சொல் காதில் விழுந்ததும் கடைக்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. மனிதர்களையே மடக்கியவருக்கு நாலு கால் வாடிக்கையாளர் எம்மாத்திரம்? அன்று மதியமே ஒரு கட்டிலின் உடைந்த காலை எடுத்து இழைத்தார். வார்னிஷ் அடித்தார். மிச்சம் இருந்த சிவப்பு வெல்வெட்டைச் சுற்றி, பித்தளைக் குமிழ் ஆணி வரிசையாக அடித்தார். வாசலில் வைத்தால் யாராவது விலை கேட்டுவிடுவார்கள் என்று பயந்து, பின்கட்டில் பீரோக்களுக்கு நடுவே நிறுத்தினார்.

மேனேஜர் வந்தது. முகர்ந்தது. ஒரு காலைத் தூக்கி வைத்ததும் கட்டை லேசாக ஆடியது. விலையைக் கேட்டுவிட்டு "அப்பறம் வர்றேன்" என்று நடையைக் கட்டும் ஆள் மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏங்க, பின்கட்டுல வச்ச சரக்கு இந்தக் கடையில என்னைக்காவது வித்திருக்கா? அது எங்க தூங்கி எந்திரிக்குதோ, எதைக் கீற ஆசைப்படுதோ, அதுக்குப் பக்கத்துல வைங்க. வெல்வெட்டு வழுக்குது, நகம் எங்க நிக்கும்? உங்களுக்குப் பிடிச்சதைச் செஞ்சிருக்கீங்க. வாங்கப் போறது யாரு?"

இருபது வருடம் கடை நடத்தியவருக்கு இது உறைத்தது. வெல்வெட்டைப் பிரித்து எறிந்தார். கனமான பலகையில் கட்டையை இறுக்கி அடித்தார். பூனை நிமிர்ந்து நீட்டினாலும் எட்டாத உயரத்துக்குக் கட்டையை ஒட்டுப்போட்டு, சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, சோபாவின் கையை ஒட்டினாற்போல் நிறுத்தினார். சோபாவின் மூலைகளில், துணியின் மேல் ஒரு மெல்லிய உறையைப் போட்டு, அதன் மேல் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டினார்.

மேனேஜர் முதலில் சோபாவில்தான் கை வைத்தது. பிசுபிசுத்தது. காலை உதறியது, நக்கியது, கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு பக்கத்திலிருந்த கட்டையைத் தழுவி, உடம்பு முழுவதையும் நீட்டி இழுத்தது பாருங்கள், கயிற்றின் தும்பு பறந்தது. மனைவி ஒரு துண்டு மீனைப் போட்டாள். வியாபாரம் படிந்தது.

அதன் பிறகு சோபாவை மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டைதான் நாளுக்கு நாள் கந்தலாகிக்கொண்டே போனது. கயிறு பிய்ந்து, நார் தொங்கி, காற்றடித்த வைக்கோல் பொம்மை மாதிரி நின்றது. சிங்கக் கால் வைத்த சோபா பக்கத்தில் அப்படி ஒரு பஞ்சப்பரதேசி. கடைக்காரர் அதைக் கடக்கும்போதெல்லாம் கை நமநமத்தது. கிழிந்ததைக் கண்டால் தைப்பதும், பிய்ந்ததைக் கண்டால் சுற்றுவதும் அவருக்குத் தொழில். மனிதர் எத்தனை நாள்தான் தாங்குவார்?

பெயிண்ட் முடிந்துவிட்டது, மறுநாள் காலை வருகிறேன் என்று டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. மனைவி துணி வாங்கப் போயிருந்த நேரம். கடைக்காரர் டேப்பையும் உறையையும் எடுத்துச் சோபாவைத் துடைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கட்டையின் பழைய கயிற்றை அறுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, புத்தம்புதுக் கயிற்றை மளமளவென்று சுற்றி, கட்டையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, தள்ளி நின்று அழகு பார்த்தார்.

காலையில் மேனேஜர் சோம்பல் முறிக்க வந்தது. கட்டையை முகர்ந்தது. மறுபடி முகர்ந்தது. தான் போட்டு வைத்த கையெழுத்து ஒன்றைக்கூடக் காணோம். பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்ட கடைக்குள் வந்த முதலாளி மாதிரி ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பி, சோபாவின் பக்கவாட்டில் ஊன்றி, ஒரே இழுப்பு.

மூன்று கோடுகள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி புதுக் கயிற்றைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். "உங்க கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலயா?"

படியில் செருப்புச் சத்தம். கடைக்காரர் பாய்ந்து போய்க் கோடுகளை மறைத்து நின்றார்.

"நகருங்க" என்றார் டாக்டரம்மா.

"உக்காருங்க டாக்டரம்மா, காப்பி..."

"வாயைத் திறக்க மாட்டேங்கறவங்களைத்தான் நான் தினமும் பாக்கறேன். நகருங்க."

நகர்ந்தார். டாக்டரம்மா குனிந்து, மூன்று கோடுகளையும் விரலால் தடவினார். கடைக்காரருக்கு உயிரே போயிற்று. அட்வான்ஸ் போனால் போகட்டும். கோபத்தில் சொன்ன சொல்லை மனைவி பிடித்துக்கொண்டால் மேனேஜரும் போய், அவளும் போய்... இந்தத் தடவை குற்றம் பூனையுடையதும் இல்லை.

"பூனை மேல தப்பில்லீங்க" என்றார், தன் குரலைத் தானே நம்பாமல். "நான்தான் கட்டைக்குப் புதுக் கயிறு சுத்தினேன். வேணாம்னா விட்டுடுங்க. அட்வான்ஸைக் குடுத்துடறேன்."

மனைவி கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கோட்டுக்கு நாலாயிரம். மூணு கோடு, பன்னெண்டாயிரம் குறைச்சுக்குங்க" என்றார் டாக்டரம்மா. "ஐம்பத்தெட்டுன்னா எடுத்துக்கறேன். கீறல் அப்படியே இருக்கட்டும், தைக்க வேண்டாம். அந்தக் கட்டையையும் சும்மா குடுத்துடுங்க."

இவ்வளவு பெரிய மனசா என்று கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பேரமே பேசாமல் தலையாட்டினார். அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வேனில் சோபாவை ஏற்றிக்கொண்டு போன மைத்துனன் திரும்பி வந்தபோது வாயெல்லாம் பல்லாக இருந்தான்.

"மாமா, அந்த வீட்டுல எத்தனை பூனை தெரியுமா? மூணு! பழைய சோபா வாசல்ல கிடக்கு, ஒரு நூல் பாக்கியில்ல. நான் புதுசை இறக்கி வைக்கறதுக்குள்ள ஒண்ணு ஏறி, நம்ம மேனேஜர் போட்ட கோட்டுக்குப் பக்கத்துல நாலாவது கோடு போட்டுடுச்சு."

கடைக்காரர் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பெரிய மனசாம், பெரிய மனசு.

அடுத்த வாரம் கிளினிக்கிலிருந்து ஆள் வந்தது. கட்டையைப் பூனைகள் சீந்தவில்லையாம், ஒரு நடை வந்து பார்க்க முடியுமா என்று. போனார். கட்டை, வீட்டு மாடியில் துணி துவைக்கும் மிஷினுக்குப் பின்னால் நின்றது. பக்கத்தில் மருந்து வாடை தூக்கலாக அடித்தது.

"தினமும் கிருமி மருந்து போட்டுத் துடைக்கறேன். அப்படியும் கிட்ட வர மாட்டேங்குதுங்க" என்றார் டாக்டரம்மா.

கடைக்காரர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினார். காரணம் அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததைச் சும்மா சொல்கிற ஆள் அவர் இல்லை.

"மூணு பூனைக்கு ஒரு கட்டை எப்படிங்க போதும்? இது இனி உதவாது, ஆளுக்கு ஒண்ணு புதுசா வேணும். சோபாவுக்குப் பக்கத்துல நானே அடிச்சுத் தர்றேன். எங்க வைக்கணும், எப்படி வச்சுக்கணும்கற வித்தையெல்லாம் விலையில சேர்த்தி. கட்டை ஒண்ணு நாலாயிரம்."

"ஒரு கட்டைக்கா?"

"கோட்டுக்கு நாலாயிரம்னு விலை வச்சதே நீங்கதானே டாக்டரம்மா."

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

கடைக்கு வந்ததும் விரல் மடக்கி மனைவியிடம் ஒப்பித்தார்: "கோட்டுல போனது பன்னெண்டு. கட்டையில வந்தது பன்னெண்டு. கணக்கு நேராயிடுச்சு."

"நேராகலை" என்றாள் அவள். குப்பைக் கூடையிலிருந்து அன்றே எடுத்து ஒளித்து வைத்திருந்த பழைய கயிற்றைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். "மேனேஜருக்கு அதோட கட்டையைத் திருப்பித் தரணும். அப்பறம் நீங்க கேக்க வேண்டிய மன்னிப்பு ஒண்ணு. அதை மீன் துண்டாவே குடுத்துடலாம்."

கடைக்காரர் ஒரு கட்டையை எடுத்து, நார் தொங்கும் அந்தக் கந்தல் கயிற்றை அப்படியே சுற்ற ஆரம்பித்தார். கை நமநமத்தது. பிசிறை வெட்டாமல் அடக்கிக்கொண்டார். கல்லா மேசை மேலிருந்து மேனேஜர் வேலையை மேற்பார்வை பார்த்தது. மீன் மட்டும் பாக்கி.