திருப்பி வைத்த கல்

டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த பஞ்சர் கடைக்காரரின் கண், வாசலில் நின்ற கல்லையே மேய்ந்தது. ஆளுயரக் கல். பழங்காலப் பெருவழி அங்கே இரண்டாகப் பிரிந்ததாம்; ஊருக்குப் போகும் கிளையைக் காட்ட அதில் ஒரு கையைச் செதுக்கியிருந்தார்கள். பெருவழி என்றைக்கோ தேய்ந்து ஒற்றையடிப் பாதையாகிவிட்டது.

கல்லின் வழவழப்பான முதுகு சும்மா கிடக்கிறதே என்று அவருக்கு வெகுநாள் உறுத்தல். முந்தின நாள்தான் பொக்லைன் ஓட்டும் மைத்துனனை விட்டு அதை முன்பின்னாகத் திருப்பி நட்டார். இப்போது சாலையைப் பார்த்த அந்த முதுகில் சிவப்புப் பெயிண்டில் கடை விளம்பரம். ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைக்கு இனியாவது நாலு வண்டி வரும் என்ற ஆசை.

மைத்துனன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"பழைய பாதையை நடந்து பாக்கணும்னு ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் வந்திருக்காங்க மாமா. குவாரிப் பக்கமாப் போறாங்க. அங்க என்னத்தப் பாக்கப் போறாங்களோ."

கடைக்காரர் கல்லின் பின்னால் ஓடிப் பார்த்தார். கல்லோடு கையும் திரும்பி, கைவிடப்பட்ட குவாரியைக் காட்டிக்கொண்டிருந்தது. மழையில் விளிம்பு இளகிக் கிடக்கிற நேரம்.

"வண்டிய எடுடா."

அங்கே அந்த அம்மாள் கால் பிசகிப் பாதையோரம் உட்கார்ந்திருந்தார். பெரியவர் வழி தேடிப் புதருக்குள் போய்க்கொண்டிருந்தார். கடைக்காரர் பாய்ந்து அவர் தோளைப் பற்றி இழுக்கவும், காலடி மண் சரிந்து பள்ளத்தில் விழவும் சரியாக இருந்தது. கடவுள்தான் காப்பாற்றினார்.

அந்த அம்மாள் கைகூப்பினார். "முன்னப்பின்னத் தெரியாதவங்களுக்கு ஓடி வந்தீங்களே தம்பி. அந்தக் காலத்துல வழி காட்ட அந்தக் கல்ல நட்ட புண்ணியவானுக்கும் உங்க மனசுதான் இருந்திருக்கும்."

வாயைத் திறக்காதே என்று மைத்துனன் ஜாடை காட்டினான். கடைக்காரருக்கோ அந்த வாழ்த்து நெருப்பாகச் சுட்டது.

"கல்லத் திருப்பினதே நான்தாம்மா. கடை விளம்பரத்துக்காக."

பெரியவர் முகம் சிவந்தது. அந்த அம்மாள் கையை நீட்டினார்.

"சரி, தூக்கி விடுங்க. அடுத்து யாராச்சும் வர்றதுக்குள்ள போய் அத நேரா வையுங்க."

பொழுது சாய்வதற்குள் கல் பழையபடி நின்றது. மண்ணெண்ணெய் தொட்டுப் பெயிண்டைத் துடைத்த கடைக்காரரிடம், நம் கடை வாசல் கல்லுக்கு இவ்வளவு பாடா என்று மைத்துனன் முணுமுணுத்தான்.

"நம்ம கல்லாடா இது? முன்ன போனவன் பின்னால வர்றவனுக்காக வெச்சுட்டுப் போனது. பொதுச் சொத்துல கை வெச்சா, மொகந்தெரியாத யாரோட உசுருலயோ கை வெச்ச மாதிரி."